மன்றம் ஏறிய மருத்துவர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவோர் பிறந்த ஊரில் தொடங்கி மறைந்த நாளில் முடிப்பது வழக்கம். நான் அந்த வழக்கத்தை ஓரளவே பின்பற்றப் போகிறேன். ஏனெனில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையை நான் நூலகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால், ஒரு நாள் அவருக்கு எதிராகவும் மறு நாள் அவராகவும் நின்று பேசியிருக்கிறேன். அந்த இரண்டு நாள்களும் எனக்குக் கற்றுத் தந்ததை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே எழுதுகோலை எடுத்தேன்.

என் ஊர் குறிஞ்சிப்பாடி. கைலி நெய்யும் ஊர் என்றால் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் தறிச் சத்தம் எழும் தெருவில் எங்கள் வீடு. மேற்கே வடலூர், அதற்கும் மேற்கே இரவெல்லாம் வெளிச்சம் வீசும் நெய்வேலி. பசியைப் பிணியென்று கண்டு 1867-ஆம் ஆண்டில் வள்ளற்பெருமான் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் மண் எங்கள் மண். இரக்கம் மட்டும் இருந்தால் போதாது, அந்த இரக்கம் நாள்தோறும் நடப்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அந்த அடுப்பு ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் மக்கள் நல்வாழ்வுக் கொள்கை என்ற தலைப்பைப் பாடநூலில் கண்டபோது, இது வேறு யாருக்கோ உரிய பாடம் என்றே நான் நினைத்தேன்.

சீட்டு வந்தது

எங்கள் பேராசிரியர் அந்தப் பகுதியை நடத்த வந்த முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு கட்டுக் காகிதச் சீட்டுகளை மேசைமீது வைத்தார். 1920-களின் சென்னை மாகாணச் சட்டமன்றத்தை வகுப்பில் நடத்தப் போகிறோம் என்றும், ஆளுக்கொரு வேடம் உண்டு என்றும் அறிவித்தார். ஒவ்வொரு சீட்டிலும் நான்கு செய்திகள் இருந்தன. நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுப்பாய், எதை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்பனவே அவை.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வேடம் என்றதும் அரிதாரமும் கிரீடமும் நினைவுக்கு வருவது இயல்பு. பேராசிரியரும் கூத்தையே எடுத்துக்காட்டினார். துரியோதனன் வேடம் கட்டுகிறவன் துரியோதனன் பக்கத்து நியாயத்தை முழுத் தொண்டையோடு பாடாவிட்டால் திரௌபதியின் துயரம் யாருக்கும் விளங்காது. ஆகவே எதிர்த்தரப்பு வேடம் கிடைத்தவர்கள் அதைக் கேலியாக நடித்தால் மதிப்பெண் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முத்துலட்சுமி அம்மையார் வேடம் ஒரு மாணவனுக்குப் போயிற்று. அவன் கூத்தாடும் குடும்பத்துப் பிள்ளை. அவன் தந்தை பெண் வேடம் கட்டிப் பெயர் பெற்றவர். ஆகையால் அவன் கூசவில்லை. ஒருவருக்கு அமைச்சர், ஒருவருக்கு ஜில்லா போர்டுத் தலைவர், ஒருவருக்கு மிராசுதார், ஒருவருக்கு ஊர் மருத்துவச்சி, ஒருவருக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எனச் சீட்டுகள் பிரிந்தன. எனக்கு வந்தது நிதி உறுப்பினர். பணம் இல்லை என்று சொல்ல வேண்டிய வேடம்.

அம்மையாரை எதிர்க்க வேண்டுமானால் அம்மையாரை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு வாரம் நூலகத்தில் அமர்ந்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்விப் பணியில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் வந்தவர். அந்தத் திருமணத்துக்காக நாராயணசாமி அய்யரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். தாய்வழி உறவில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்களின் வாழ்வைச் சிறு வயதிலேயே கண்டவர் அம்மையார். பிற்காலத்தில் அவர் எடுத்த பெரிய போருக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பெண்களுக்குப் பத்து வயது தாண்டியதும் பள்ளிக்கூடம் மறந்துபோகும் காலம் அது. தந்தையும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தனர். 1902-இல் மெட்ரிகுலேசன் தேறினார். அடுத்து மகாராஜா கல்லூரி. அது ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. தாயாரின் குலத்தைச் சொல்லியும் தடுத்தனர். அப்போது அரியணையில் இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். மூடிய வண்டியில் போய், திரைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து பாடம் கேட்டார் அந்த ஒரே மாணவி. இன்று குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர்ப் பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போய் வரும் நாங்கள் கூட்டத்தைக் குறை சொல்கிறோம். பேருந்து நிறையப் பெண்கள் நிற்பதே ஒரு வெற்றி என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பதக்கங்களோடு பட்டம் பெற்று வெளிவந்தார். அறுவை மருத்துவத்திலும் முதன்மை பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் அவர் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணிபுரிந்தார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே அத்திருமணத்துக்கு இசைந்தார். கணவரும் கடைசிவரை அந்த வாக்கைக் காத்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் மக்கள் பிறந்தனர்.

மருத்துவச் சாலையிலிருந்து சட்டமன்றத்துக்கு

1925-இல் அரசின் உதவித்தொகையோடு மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றிச் சிறப்பாகப் பயின்றார். 1926-இல் பாரிசு நகரில் நடந்த உலக மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் எதிர்பாராத அழைப்பு ஒன்று காத்திருந்தது.

சென்னை மாகாணம் 1921-இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த மாகாணம். 1926-இல் பெண்கள் மன்றத்தில் உறுப்பினராகவும் வழி திறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றுப்போனார். நியமன உறுப்பினராக முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை இந்திய மாதர் சங்கத்தார் முன்மொழிந்தனர். மருத்துவத் தொழிலை விட்டு மன்றத்துக்குப் போவதில் அவருக்கு முதலில் தயக்கமே இருந்தது. ஆனால் ஒரு மருத்துவர் தம்மிடம் வரும் நோயாளிக்கு மட்டுமே மருந்து தர முடியும். வராத நோயாளிக்கு மருந்து தருவதற்குச் சட்டமும் நிதியும் வேண்டும். அந்த உண்மை தயக்கத்தை வென்றது எனலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்ற பெருமை அவருக்கு வந்தது. 1927-இல் மன்றத்தின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

மன்றத்தில் அவர் பேசியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு மருத்துவர் நாட்டின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போலவே தோன்றும். பள்ளி மாணவர்களுக்கு ஒழுங்கான மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளுக்குத் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடினார். குழந்தைத் திருமணத்தைப் பிறர் சமயமென்றும் வழக்கமென்றும் பார்த்தனர். மகப்பேற்று அறையில் பதின்மூன்று வயதுத் தாய்மாரைக் கண்ட அவரோ அதை நலவாழ்வுப் பிரச்சினையாகப் பார்த்தார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று குறைந்த வயதை வகுத்தது. அதற்கு ஆதரவு திரட்டியவர்களுள் அம்மையாரும் ஒருவர்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சியைத் தமிழகம் அறியும். 1927-இல் தீர்மானம். 1929-இல், கோயில் ஊழியம் செய்தாக வேண்டும் என்ற கட்டிலிருந்து மானிய நிலம் பெற்ற பெண்களை விடுவிக்கும் சட்டத் திருத்தம். 1930-இல் வழக்கத்தையே தடுக்கும் மசோதா. கலை அழியும், சமயம் கெடும் என்று கற்றறிந்தோர் பலரே எதிர்த்தனர். அம்மசோதா சட்டமானது 1947-ஆம் ஆண்டில்தான். இடையில் பதினேழு ஆண்டுகள்! அவ்வழக்கத்தில் சிக்கி மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று பேசியதும் அந்தப் பதினேழு ஆண்டுகளின் வரலாற்றில் சேர்ந்ததே.

1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். தம் மன்ற அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். பொட்டுக் கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதும் அக்காலத்தில்தான். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததே அவ்வை இல்லம். சட்டம் வரும்வரை சிறுமிகள் தெருவில் காத்திருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

முதல் நாள்: நான் வென்றேன்

இவ்வளவும் படித்துக்கொண்டு போய், இவற்றுக்கு எதிராகப் பேச வேண்டும். பெண்கள், குழந்தைகள் மருத்துவமனைத் தீர்மானம் எங்கள் வகுப்பு மன்றத்தில் முன்மொழியப்பட்டது. நண்பன் அழகாகப் பேசினான். மருத்துவச்சி வேடம் கட்டிய தோழி, அரிவாளால் தொப்புள்கொடி அறுக்கும் கொடுமையை விவரித்தபோது வகுப்பே உறைந்துபோயிற்று.

அமைச்சர் எழுந்து, தமக்கு இதில் முழு இசைவு என்றார். அப்போதுதான் என் முறை வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இரட்டையாட்சியில் மருத்துவம், சுகாதாரம், கல்வி ஆகியவை அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதியோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அதாவது பொறுப்பு ஒரு கையில், பெட்டிச் சாவி மறு கையில். அந்தச் சாவி என் மடியில் இருந்தது.

நான் அடுக்கினேன். நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை கட்டினால் தாலுகாக்களில் காலராவுக்கு ஊசி போட யார் போவது? கட்டடம் ஒரு முறைச் செலவு, சம்பளம் ஆண்டுதோறும் செலவு. அதற்கு எந்த வரியை உயர்த்துவது? மிராசுதாரைப் பார்த்து நிலவரியை உயர்த்தலாமா என்றேன். அவர் உடனே என் பக்கம் சாய்ந்தார். ஜில்லா போர்டுத் தலைவரைப் பார்த்து உமது சாலைப் பணத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றேன், அவரும் சாய்ந்தார். வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. நண்பர்கள் எனக்குக் கைதட்டினார்கள்.

பேராசிரியர் வேடங்களைக் கலைக்கச் சொன்னார். வட்டமாக உட்கார்ந்தோம். வரலாற்றில் நடந்தது என்ன என்பதை அப்போதுதான் விளக்கினார். அம்மையாரின் தீர்மானத்தை அரசு ஏற்று, மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று ஒரு பிரிவைத் திறந்தது. கேட்டது தனி மருத்துவமனை. கிடைத்தது ஒரு பிரிவு. முழுமைக்கும் இன்மைக்கும் நடுவே ஒரு பாதி உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டில் எதை விட்டுக்கொடுப்பாய் என்று எழுதியிருந்ததை ஒருவரும் பயன்படுத்தவில்லை. எல்லோரும் வெல்லவே பேசினோம். குழந்தைக்குக் கட்டில் கிடைக்க யாரும் பேசவில்லை.

கொள்கை என்பது நல்ல எண்ணம் மட்டுமன்று. யார் ஆணையிடுவது, யார் பணம் தருவது, யார் வேலை செய்வது, எது பின்னுக்குப் போவது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால்தான் அது கொள்கை. நூறு பக்கம் படித்திருந்தாலும் இது என் மனத்தில் இப்படிப் பதிந்திராது. அதோடு இன்னொரு கேள்வியையும் பேராசிரியர் விட்டுச் சென்றார். அந்த மன்றத்தில் இல்லாதவர் யார் என்பதே அது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேடம் கட்டிய மாணவி கடைசி வரிசையில் பேசாமலே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மன்றத்தில் பேச இடமில்லை என்று சீட்டிலேயே எழுதியிருந்ததாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அம்மையாரின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கையின் நோய்

அம்மையாருக்குச் சுந்தரம்மாள் என்றொரு தங்கை. அவருக்கு வந்தது புற்றுநோய். முதலில் அது வேறு வயிற்று நோய் என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் அவர் மறைந்தார். அக்காள் மருத்துவர், அத்தானும் மருத்துவர். இருந்தும் காக்க முடியவில்லை. இலண்டனில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை இருப்பதைக் கண்ட அம்மையார், அப்படி ஒன்று இங்கும் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அந்தக் கோரிக்கையை வெளிப்படையாக வைத்தார். போர் வந்தது; ஆண்டுகள் ஓடின. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புற்றுநோய் வந்தால் சாவு உறுதி, அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடமும் இருந்தது. அம்மையார் வீடு வீடாக, ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. தங்கை மறைந்து முப்பத்தோராம் ஆண்டு அது.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் தூணாக நின்றார். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதையே தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தார். 2005-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒரு தங்கையின் மரணம் இத்தனை பேரைக் காக்கும் நிழலாக வளர்ந்தது.

இரண்டாம் நாள்: நான் அம்மையார்

அடுத்த வாரம் பேராசிரியர் வேடங்களை மாற்றினார். காட்சி இப்போது 1950-ஆம் ஆண்டையொட்டியது. புற்றுநோய் நிலையத்துக்கு உதவி கேட்டு அம்மையார் அரசினர் முன் வருகிறார். சென்ற முறை அம்மையாராக நின்ற நண்பன் இம்முறை மறுக்கும் அதிகாரி. அம்மையார் வேடம் எனக்கு.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் ஆயா, திண்ணையில் இராட்டையில் தார் சுற்றிக்கொண்டே என்னை அருகில் அழைத்தாள். என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். உள்ளே கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வெட்கம் ஒரு புறம். தறிக் கூலியில் மருத்துவச் செலவு எப்படி என்ற அச்சம் மறு புறம். நான் சத்தியத்தைக் காத்தேன். எட்டு மாதம் காத்தேன். கட்டி உடைந்து, சேலையில் கறை தெரிந்த பிறகே வீட்டுக்குத் தெரிந்தது. மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். நான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவதற்கு முன்பே ஆயா போய்விட்டாள்.

முதல் நாள் நிதி உறுப்பினராக நான் வென்றபோது, கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் எனக்கு ஆயாவாகத் தெரிந்தாள். தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாம் நாள் நண்பன் தன் வேடத்தை நேர்மையாகவே செய்தான். நாட்டில் காசநோய் இருக்கிறது, மலேரியா இருக்கிறது, பிள்ளைப்பேற்றில் தாய்மார் சாகிறார்கள். குணமாக்கக்கூடிய நோய்களுக்கே பணம் போதாதபோது குணமாகாத நோய்க்கு மருத்துவமனை கேட்கலாமா என்றான். கேள்வி கூர்மையானது, பொய்யும் அன்று. நான் எழுதி வைத்திருந்த விடை மறந்துபோயிற்று. சிறிது நேரம் பேசாமல் நின்றேன். பிறகு அம்மையாரின் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கி, எங்கள் ஆயாவைப் பற்றிப் பேசி முடித்தேன். குணமாகாது என்ற எண்ணத்தால் மருத்துவமனை கட்டவில்லை. மருத்துவமனை இல்லாததால் நோயாளி கடைசியில்தான் வருகிறாள். கடைசியில் வருவதால் குணமாகவில்லை. குணமாகாததைக் கண்டு மறுபடியும் கட்ட மறுக்கிறோம். இந்தச் செக்கைச் சுற்றிவரும் மாட்டை யாராவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டாமா என்று கேட்டேன். பிறகு, முதல் நாள் கற்ற பாடத்தின்படி, பெரிய மருத்துவமனை வேண்டாம், முதலில் சில படுக்கைகளும் ஓர் இடமும் போதும், மீதியை மக்களிடம் திரட்டிக்கொள்கிறோம் என்று விட்டுக்கொடுத்தும் பேசினேன்.

அதிகாரி வேடத்தில் இருந்த நண்பன் சீட்டைப் பார்த்தான். நிலம் தரலாம், பணம் பிறகு பார்க்கலாம் என்றான். வகுப்பு மன்றம் அதை ஏற்றது.

வட்டமாக உட்கார்ந்தபோது பேராசிரியர் என்னைப் பாராட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. நண்பனின் கேள்விக்கு நான் முழு விடை தந்தேனா என்று வகுப்பைக் கேட்டார். இல்லை என்பதே உண்மை. காசநோய்க்காரருக்குப் போக வேண்டிய பணத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணீர் கேள்வியைத் திறக்கும்; ஆனால் கணக்கை முடிக்காது என்றார் அவர். அதனால்தான் அம்மையார் ஒரு நோயோடு நிற்கவில்லை. பள்ளிச் சோதனை, பிரசவம், திருமண வயது, பெண் கல்வி என்று எல்லா வாசல்களையும் தட்டினார் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

வேடம் கட்டிப் படிப்பதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் தோற்றால் மணி அடித்ததும் எழுந்து போய்விடலாம். உண்மை மன்றத்தில் தோற்றால் அதன் விலையை வெளியே யாரோ கொடுக்கிறார்கள். நடித்துப் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணினால் அது வெறும் வேடமாகவே முடியும். பின்னால் வரும் உரையாடலும் நூல்களும் சேர்ந்தால்தான் அது பாடம்.

அம்மையார் விட்டுச் சென்றவை

1937-இல் சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன் ஆனார். விடுதலைக்குப் பின் மாநிலச் சமூக நல வாரியத்தின் தலைவராகவும் தொண்டாற்றினார். 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சென்னையில் மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே மண் பண்பட்டுக்கொண்டிருந்தது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டத்தை 1939-இலேயே இயற்றியது சென்னை மாகாணம். 1946-இல் போர் குழு, பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற அடிப்படையில் நாடெங்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்குழுவில் நம் இலட்சுமணசாமி முதலியார் ஓர் உறுப்பினர். இன்று குறிஞ்சிப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் கிராமச் செவிலியர் வீடு தேடி வருவதற்குப் பின்னே இத்தனை மன்றங்களும் வாக்குவாதங்களும் இருக்கின்றன.

ஏழைக் கர்ப்பிணித் தாய்மாருக்கு நிதி வழங்கும் திட்டத்துக்குத் தமிழக அரசு அம்மையாரின் பெயரையே சூட்டியுள்ளது. எங்கள் தெருவில் அந்தப் பணத்தைப் பெறாத இளந்தாய் அரிது. முத்துலட்சுமி பணம் என்றே அதைச் சொல்வார்கள். முத்துலட்சுமி யார் என்று நான் கேட்டபோது, யாரோ ஓர் அம்மா என்று விடை வந்தது. அந்த விடைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றாலும் தகும்.

தேர்வு முடிந்த ஒரு நாள், என் அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். மார்பகச் சோதனையும் கருப்பைவாய்ச் சோதனையும் அங்கே கட்டணமின்றிச் செய்கிறார்கள். வேலை கெடும் என்று சித்தி முணுமுணுத்தாள். பாவு காயும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். இருவருக்கும் குறை ஒன்றுமில்லை. திரும்பும் வழியில், ஆயாவின் கட்டி எனக்கு எட்டு மாதம் முன்பே தெரியும் என்பதை அம்மாவிடம் முதல் முறையாகச் சொன்னேன். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

மாணவ நண்பர்களே! மன்றம் ஏறி வாதாடும் வாய்ப்பு நம்மில் எல்லோருக்கும் வராமல் போகலாம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையும் ஒரு மன்றம்தான். அங்கே வெட்கத்தாலும் அச்சத்தாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இருப்பாள். அவளைப் பேசவையுங்கள், அவளுக்காகப் பேசுங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.

வாழ்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் தொண்டு!